காக்கைக் குஞ்சும் கைப்பேசிக் கண்ணாடியும்

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. பெற்ற பாசத்தால் குறை தெரியாமல் போகிறவர்களைச் சற்றே நகையாடுவதற்கு நாம் அதனைச் சொல்லுகிறோம். ஆனால் எண்ணிப் பார்த்தால் அந்தக் காக்கை நம்மினும் மேலானது என்றே எனக்குத் தோன்றுகிறது. அது தன் குஞ்சைப் பொன் என்று நம்புகிறது. அதற்குப் பொன் முலாம் பூச முயலுவதில்லை. நாமோ, குழந்தை கருவில் இருக்கும்போதே தாய்க்குக் குங்குமப்பூ கலந்த பாலைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறோம். பிறந்தபின் காது மடலின் நிறத்தைப் பார்த்து, "வளர்ந்தால் வெளுக்கும்" என்று ஆறுதல் கூறிக்கொள்கிறோம். பள்ளிக்கு அனுப்பும்போது முகமாவைக் கொட்டி அனுப்புகிறோம். மணப்பருவம் வந்ததும் களிம்பு தேடுகிறோம். இவ்வளவையும் அன்பு என்று நினைத்தே செய்கிறோம்.

நம் சங்கத்து அன்பர்களில் பலர், என்னைப் போலவே, பாட்டன் காலத்தில் மலையேறி வந்த குடும்பத்தினர். சிலர் வாளையாற்றைத் தாண்டிக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடியேறினர். சிலர் போடிமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏறித் தேயிலைக் காடுகளிலும் ஏலக் காடுகளிலும் பணிபுரிந்தனர். வெயிலில் உழைத்த உடல்களின் வழிவந்தவர்கள் நாம். அவ்வுடலைப் பற்றி நம் பிள்ளைகள் என்ன நினைக்கின்றனர், யாரிடமிருந்து அந்நினைப்பைப் பெறுகின்றனர், இக்காலத்தில் ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசி இதில் என்ன பங்கு கொள்கிறது என்பனவற்றை இக்கட்டுரையில் எழுத முயன்றுள்ளேன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு புகைவண்டி நிலையத்தின் பொதி அலுவலகத்தில் எழுத்தனாக இருக்கும் எனக்கு இதைப்பற்றி எழுதத் தகுதி ஏது என்று கேட்கலாம். நான் ஒரு பிழை செய்தேன். அதுவே என் தகுதி.

நான் செய்த பிழை

என் தமக்கையின் குடும்பம் தேவிகுளம் வட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசையில் வாழ்கிறது. அவள் மகள் வணிகவியல் படித்துப் பட்டம் பெற்று மூணாற்றில் ஒரு தங்கும் விடுதியில் கணக்கு எழுதுகிறாள். சில ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கினோம். குடும்பத்தில் கைப்பேசியை நன்றாகக் கையாளத் தெரிந்தவன் நான் என்பதால், பெண்ணின் படத்தையும் விவரத்தையும் வாட்ஸப் குழுக்களுக்கு அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. கைப்பேசியில் படத்தைத் திருத்தும் செயலி ஒன்று இருந்தது. விரலால் ஒரு கோட்டைச் சிறிது வலப்பக்கம் நகர்த்தினால் முகம் வெளுக்கும். நகர்த்தினேன். இன்னும் சிறிது நகர்த்தினேன். படத்தைப் பார்த்த தமக்கையும் மகிழ்ந்தாள். அனுப்பிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேனிப் பக்கத்திலிருந்து வந்து பெண் பார்த்தனர். காப்பி கொடுக்கப்பட்டது. மாப்பிள்ளையின் அத்தை தம் கைப்பேசியை எடுத்துப் படத்தைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "படத்துல வேற மாதிரி இருந்துச்சே" என்றார். அவ்வளவுதான். அவர்கள் போன பிறகு பதில் வரவில்லை.

அன்று மாலை அவள் என்னிடம் வந்தாள். அழுவாள் என்று எண்ணினேன், அவள் அழவில்லை. "அவங்க சொன்னதுல எனக்கு வருத்தம் இல்ல மாமா. அவங்க என்னை இன்னைக்குத்தானே பாக்குறாங்க. நீங்க நான் பொறந்ததுல இருந்து பாக்குறீங்க. நீங்க ஏன் மாத்துனீங்க?" என்று கேட்டாள்.

என்னால் விடை கூற இயலவில்லை. நான் படித்த பள்ளியில் என்னைப் பெயர் சொல்லி அழைத்தவர் குறைவு. "பாண்டி" என்று அழைத்தவரே மிகுதி. அச்சொல்லில் என் மொழியும் இருந்தது. என் நிறமும் இருந்தது. அதை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு, முப்பது வயதைக் கடந்த பின், என் தமக்கை மகளின் முகத்தில் இறக்கி வைத்தேன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

தோல் செய்யும் வேலை

நிறம் என்பது என்ன? நம் தோலில் மெலனின் என்னும் நிறப்பொருள் உண்டாகிறது. அது மிகுந்தால் தோல் கறுக்கும், குறைந்தால் வெளுக்கும். கதிரவன் ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்கள் உள்ளன. அவை தோலின் உயிரணுக்களைக் கெடுக்க வல்லவை. உடலுக்கு இன்றியமையாத ஃபோலேட் என்னும் சத்தையும் சிதைக்கக் கூடியவை. மெலனின் ஒரு குடையைப் போல அக்கதிர்களைத் தாங்கிக்கொள்கிறது. அமெரிக்க மானிடவியல் அறிஞர் நினா ஜப்லான்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உலகின் எப்பகுதியில் புறஊதாக் கதிர் மிகுதியோ அப்பகுதியின் பழங்குடிகளின் தோல் கறுத்தும், எங்கே குறைவோ அங்கே வெளுத்தும் இருப்பதை விளக்கினர். வெயில் குறைந்த நாடுகளில் வைட்டமின் டி உண்டாவதற்கு வெளுத்த தோல் உதவுகிறது. ஆகவே கறுப்பும் வெளுப்பும் உயர்வு தாழ்வல்ல; அந்தந்த வெயிலுக்கு உடல் கண்ட விடைகள்.

நம் நாட்டிற்குள்ளேயே நிறவேறுபாடு ஏன் என்பதற்கும் ஆராய்ச்சியாளர் ஓரளவு விடை கண்டுள்ளனர். எஸ்.எல்.சி.24.ஏ5 என்னும் மரபணுவில் உள்ள ஒரே ஓர் எழுத்து மாற்றம் தோல் நிறத்தை வெளுக்கச் செய்கிறது. ஐதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தாரும் எஸ்தோனிய நாட்டு அறிஞரும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதனை இந்திய மக்களிடம் ஆராய்ந்தது. எத்தனையோ ஆயிரம் மரபணுக்களில் ஒன்றில் ஓர் எழுத்து! அதைக்கொண்டா நாம் பெண்ணின் குணத்தையும் குடும்பத்தின் தரத்தையும் அளப்பது?

மூணாறு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புறஊதாக் கதிரின் வலிமை பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மலையில் குளிர் இருப்பதால் வெயில் இல்லை என்று எண்ணுகிறோம். கொழுந்து பறிக்கும் கைகளுக்கு உண்மை தெரியும். என் தமக்கையின் கைகள் கறுத்திருப்பதால்தான் அவள் மகள் கல்லூரி வரை படித்தாள். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

களிம்பின் கதை

நிறத்தைப் பற்றிய இத்தாழ்வு மனப்பான்மை பழையது. ஆயினும் அதனைப் பெருவணிகமாக்கியவை விளம்பரங்கள். 1975-இல் நம் நாட்டில் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பு விற்பனைக்கு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது. களிம்பு பூசினால் இரண்டும் கிடைக்கும் என்னும் கதையைத் தொலைக்காட்சியில் ஒரு தலைமுறை முழுவதும் கண்டோம். பின்னர் ஆடவருக்கும் தனிக் களிம்புகள் வந்தன. 2014-இல் இந்திய விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அவை, நிறத்தைக் காரணமாகக் காட்டி ஒருவரைத் தாழ்வாகவோ துயருற்றவராகவோ காட்டும் விளம்பரங்கள் கூடா என்று நெறிமுறை வகுத்தது. 2020 ஜூலையில் அக்களிம்பின் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கி 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றினர்.

பெயர் பெற்ற நிறுவனங்களின் களிம்பினும் அஞ்சத்தக்கது பெயரும் முகவரியும் இல்லாத களிம்பு. பாலக்காட்டிற்கு அடுத்த மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல் நகரத்து மருத்துவமனை ஒன்றில், சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வு தடித்துச் சிறுநீரில் புரதம் கசியும் நோயோடு வந்தவர்களை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த 22 பேரில் 15 பேருக்கு அந்நோயின் அரிதான ஒரு வகை இருந்தது. அப்பதினைவரில் 13 பேர் நிறம் வெளுக்கும் களிம்பைப் பூசி வந்தவர்கள்!

காரணம் பாதரசம். பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கும். அதனால் சில நாட்களிலேயே முகம் வெளுக்கும். கண்டவர் மகிழ்வர். ஆனால் அது தோலின் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தில் தங்குகிறது. கால் வீக்கமும் முக வீக்கமும் நுரைத்த சிறுநீரும் அதன் அறிகுறிகள். நம் நாட்டு அழகுப்பொருள் விதிகளின்படி முகக் களிம்பில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தற்செயலாகக் கலந்தாலும் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்னும் பெயரில் கடைகளைச் சோதிக்கத் தொடங்கிற்று. பல்லாயிரம் மடங்கு பாதரசம் உள்ள பொருள்களும் அகப்பட்டன. இன்னொரு வகைக் களிம்பில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். அதனால் தோல் மெலியும், பரு வரும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். மருத்துவர் சீட்டு இன்றி அத்தகைய களிம்புகளை விற்கலாகாது என 2018-இல் நடுவண் அரசு விதித்தது.

இச்செய்தியை நான் எதற்காகத் தேடிப் படித்தேன் தெரியுமா? பெண் பார்த்துச் சென்ற நிகழ்ச்சிக்குப் பின் ஒரு நாள், என் தமக்கை மகளின் அலமாரியில் ஒரு சிறிய வெள்ளை டப்பா இருப்பதைத் தமக்கை கண்டாள். அதன் மேல் நமக்குப் புரியாத வெளிநாட்டு எழுத்துகள். செய்தவர் பெயர் இல்லை. உரிம எண் இல்லை. கெடு நாள் இல்லை. யாரோ ஒருவரிடம் கைமாற்றாக வாங்கியது. இரண்டு வாரமாகப் பூசி வந்திருக்கிறாள். மலப்புறத்துச் செய்தி அப்போது கைப்பேசியில் வந்துகொண்டிருந்தது. அதை அவளுக்கு அனுப்பிவிட்டு மறுநாளே விடுப்பு எடுத்துக்கொண்டு மலையேறினேன்.

"எங்கள் அலுவலகத்தில் அனுப்புவோர் பெயரும் முகவரியும் இல்லாத பொதியை நாங்கள் பதிவு செய்வதில்லையம்மா. முகவரி இல்லாத ஒன்றை நீ முகத்தில் பூசலாமா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். டப்பா குப்பைக்குச் சென்றது. சிறுநீர்ச் சோதனையில் குறை ஒன்றும் இல்லை. அந்தச் சோதனைத் தாள் வரும் வரையில் நான் உறங்கவில்லை.

காயப்படுத்தும் கண்ணாடி

முற்காலத்தில் கண்ணாடி சுவரில் இருந்தது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பார்த்தோம். இப்போது அது கையில் இருக்கிறது. அதில் தெரிவது நம் முகம் மட்டுமன்று. செயலிகளால் திருத்தப்பட்ட ஆயிரம் முகங்கள். அவற்றின் பக்கத்தில் நம் முகத்தை வைத்து ஒப்பிட்டுக்கொள்கிறோம்.

2021 செப்டம்பரில் அமெரிக்கப் பத்திரிகையான வால் ஸ்ட்ரீட் ஜர்னல் சில உள் ஆவணங்களை வெளியிட்டது. இன்ஸ்டாகிராம் தளம் பதின்பருவப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடலைப் பற்றிய மனக்குறையை மேலும் மிகுவிக்கிறது என்று, அத்தளத்தை நடத்தும் நிறுவனத்தாரே தம் ஆய்வில் குறித்திருந்தனர். அவ்வாய்வு தவறாகப் பொருள் கொள்ளப்பட்டது என்று நிறுவனம் மறுமொழி கூறிற்று. எவ்வாறாயினும், கனடாவில் 17 முதல் 25 வயது வரையுள்ள 220 மாணவர்களைக்கொண்டு நடத்திய சோதனை 2023-இல் வெளியாயிற்று. அவர்கள் முன்பே மனக்கவலையோ சோர்வோ உடையவர்கள். ஒரு பகுதியினர் சமூக ஊடகத்தை நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொண்டனர். மூன்றே வாரங்களில் அவர்கள் தம் தோற்றத்தையும் உடல் எடையையும் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் மேம்பட்டது.

நிறம் மட்டுமன்று, குண்டு, ஒல்லி, குட்டை, நெட்டை என்று எத்தனை கேலிகள்! குடும்பக் குழுவில் ஒருவர் படம் இட்டவுடன், "என்ன, ரொம்ப ஊதிட்டே?" என்று கேட்பதை நாம் நலம் விசாரிப்பது என்று கருதுகிறோம். 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் ஆணையில், இவ்வாறு பிறர் உடலை இகழ்ந்து பேசுவது நம் சமூகத்தில் ஏற்கத்தக்கதன்று என்று தெளிவாகக் கூறியது. நீதிமன்றம் சொல்லும் வரையில் நாம் காத்திருந்தது நமக்குப் பெருமையன்று.

அதே கண்ணாடி மருந்தாவதும் உண்டு

இவ்வளவு தீங்கு செய்யும் கருவியை உடைத்தெறிந்துவிடலாமே என்று பெரியோர் சிலர் கூறுவர். ஆனால் கத்தி காயும் நறுக்கும், கையும் அறுக்கும். கைப்பேசியால் விளைந்த நன்மையையும் சொல்லியாக வேண்டும்.

சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' என்னும் அமைப்பைச் சேர்ந்த கவிதா இம்மானுவேல் 2009-இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். கறுப்பும் அழகே என்பது அதன் கொள்கை. 2013-இல் நடிகை நந்திதா தாஸ் அதற்குத் தம் ஆதரவைத் தந்தார். அவர் படத்தோடு கூடிய அவ்வறிவிப்பு முகநூல் வழியே நாடெங்கும் பரவியது. பெண்கள் தாம் பட்ட அவமானங்களைத் தம் பெயரோடு எழுதத் தொடங்கினர். அதே ஆண்டில் ஆடவர் களிம்பு விளம்பரம் ஒன்றை எதிர்த்து இணையத்தில் கையொப்பம் திரட்டினர். அடுத்த ஆண்டுதான் மேலே கூறிய விளம்பர நெறிமுறை வந்தது.

கடல் கடந்தும் இது நிகழ்ந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் பாக்ஸ் ஜோன்ஸ் என்னும் மாணவி, 2015-இன் இறுதியில், உடன் பயின்ற தமிழ்ச் சகோதரியரான மிருஷா, யனுஷா யோகராஜா இருவரையும் படமெடுத்து வெளியிட்டார். களிம்பின் பெயரையே திருப்பி 'அன்ஃபேர் அண்ட் லவ்லி' என்று அதற்குப் பெயரிட்டனர். 2016-இல் உலகின் பல நாடுகளிலிருந்தும் கறுத்த நிறப் பெண்கள் தம் திருத்தாத படங்களை அப்பெயரின் கீழ் இட்டனர். 2020 ஜூனில், வட அமெரிக்காவில் வாழும் இந்திய வழிப் பெண்கள் சிலர், 'ஷாதி' என்னும் மணமாலைத் தளத்தில் நிறத்தின்படி வரன் தேடும் வசதி இருப்பதை எதிர்த்து இணையத்தில் கையொப்பம் திரட்டினர். சின்னாட்களில் அவ்வசதி நீக்கப்பட்டது.

நம் பக்கத்து நிகழ்ச்சி ஒன்று. ஷொறணூர்ச் சந்திப்பில் இறங்கிப் பாரதப்புழைப் பாலத்தைக் கடந்தால் செறுதுருத்தி. அங்கே 1930-இல் வள்ளத்தோள் முயற்சியால் தோன்றிய கேரள கலாமண்டலம் இருக்கிறது. 2024 மார்ச்சில் மூத்த நடனக் கலைஞர் ஒருவர் யூடியூபில் பேட்டி கொடுக்கும்போது, காக்கை நிறத்தவர் மோகினியாட்டம் ஆடலாகாது என்னும் கருத்துப்படப் பேசினார். அச்சொல் ஆர்.எல்.வி. ராமகிருஷ்ணனைக் குறித்தது என்று எல்லோரும் உணர்ந்தனர். 'ஜெமினி' படத்தில் நடித்துத் தமிழர் உள்ளம் கவர்ந்த கலாபவன் மணியின் தம்பி அவர். மோகினியாட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பேட்டி எந்த ஊடகத்தில் பரவிற்றோ அதே ஊடகத்தில் மறுப்பும் பரவியது. சாதி, கட்சி வேறுபாடின்றி மலையாளிகள் அவர் பக்கம் நின்றனர். அதே மாதத்தில் கலாமண்டலம் அவரை அழைத்துத் தன் அரங்கில் ஆடச் செய்தது. 2025 ஜனவரியில் அங்கேயே பரதநாட்டிய உதவிப் பேராசிரியராக நியமனம் பெற்றார். காக்கை என்று இகழப்பட்டவர் ஆசிரியராக அமர்ந்தார்.

இன்னொன்று அதனினும் என் உள்ளத்தைத் தொட்டது. கேரள அரசின் தலைமைச் செயலாளராக இருந்த வேணு 2024-இல் ஓய்வு பெற, அவருக்குப் பின் அப்பதவியை ஏற்றவர் அவர் மனைவியாரான சாரதா முரளீதரன். கணவரின் பணிக்காலம் வெண்மை, இவர் பணிக்காலம் கருமை என்று ஒருவர் அவரிடமே ஒப்பிட்டுச் சொன்னாராம். 2025 மார்ச்சில் அதைப்பற்றி முகநூலில் எழுதினார். மறுமொழிகள் குவிந்ததும் நீக்கினார். இது பேசப்பட வேண்டியது என்று நண்பர்கள் வற்புறுத்தவே, விரிவாக மீண்டும் எழுதினார். நான்கு வயதில் தம் தாயிடம், தம்மை மறுபடியும் வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றுத் தர முடியுமா என்று கேட்டதை அதில் நினைவு கூர்ந்தார். நல்ல நிறம் இல்லாதவள் என்னும் சொல்லைச் சுமந்தே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகவும், கறுப்பின் அழகைத் தமக்குக் காட்டியவர்கள் தம் பிள்ளைகளே என்றும் எழுதினார். மாநிலத்தின் மிக உயர்ந்த அதிகாரிக்கே இந்நிலை என்றால், தோட்டத்து வீட்டுப் பெண்ணுக்கு என்ன நிலை!

"பாண்டி" என்று என்னை அழைத்தவர்களிடம் எனக்கிருந்த பழைய கசப்பு, அவ்வெழுத்தைப் படித்தபின் குறைந்தது. இந்நோய் மலையாளிக்கும் தமிழனுக்கும் பொது. அவர்கள் நம்மை அழைத்தனர். நாம் நம் மருமகள்மாரை அழைக்கிறோம். ஊர் எல்லையில் கருப்பசாமிக்குப் படையல் இட்டுவிட்டு வந்து, வீட்டில் கறுத்த மருமகள் வேண்டாம் என்கிறோம்.

செய்யத்தக்கவை

ஆஸ்திரேலியாவில் 18 முதல் 30 வயது வரையுள்ள 195 பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. எல்லா வகை உடலையும் போற்றும் இன்ஸ்டாகிராம் படங்களைச் சிறிது நேரம் பார்த்தவர்களுக்கு மனநிலையும் தம் உடலைப் பற்றிய நிறைவும் கூடின. ஆனால் தோற்றத்தைப் பற்றியே எண்ணும் பழக்கம் அவர்களிடமும் மிகுந்தது. இது எனக்கு ஒரு பாடமாகத் தோன்றுகிறது. "நீ அழகு, நீ அழகு" என்று ஓயாமல் சொல்லுவதும் முழு மருந்தன்று. பெண்ணின் கணக்குத் திறமையைச் சொல்லுவோம். மகனின் ஓட்டத்தைச் சொல்லுவோம். உடல் என்பது காட்டுவதற்கு மட்டுமன்றி வாழ்வதற்கும் உழைப்பதற்கும் என்னும் நினைவு வரவேண்டும்.

ஆகவே பெற்றோர்க்கும் இளைஞர்க்கும் சில சொல்லுகிறேன். கைப்பேசியில் எந்தப் பக்கத்தைப் பார்த்தபின் மனம் சோர்கிறதோ அப்பக்கத்தைப் பின்தொடர்வதை விட்டுவிடுக. நம் போன்ற நிறமும் உடலும் உடையவர்கள் ஆடுவதையும் பாடுவதையும் தொழில் செய்வதையும் காட்டும் பக்கங்களைத் தேடிச் சேர்த்துக்கொள்க. எதை மிகுதியாகப் பார்க்கிறோமோ அதையே அச்செயலிகள் மேலும் காட்டும். நேரத்திற்கு ஓர் அளவு வைத்துக்கொள்க. குடும்பக் குழுவில் ஒருவர் உடலை மற்றவர் கேலி செய்தால், பெரியவர் ஒருவர் உடனே தடுத்து எழுதுக; மௌனமாக இருந்தால் உடன்பட்டதாகவே குழந்தைகள் கொள்ளும். களிம்பு வாங்கினால் செய்தவர் பெயர், முகவரி, உரிம எண், கெடு நாள் பார்த்து வாங்குக. முன்பே பூசியவர்கள் வீக்கமோ நுரைத்த சிறுநீரோ கண்டால் நாணாமல் மருத்துவரிடம் சென்று, பூசிய டப்பாவையும் காட்டுக. வரனுக்கு அனுப்பும் படத்தில் விரலை வைக்காதீர்.

இவ்வறிவுரை முதலில் எனக்கே. சாரதா முரளீதரன் எழுதிய அந்த வாரத்தில் என் தமக்கை மகள் தன் படம் ஒன்றை முகநூலில் இட்டாள். கொழுந்துக் கூடையோடு நின்ற தாயின் தோளில் கை போட்டு, நண்பகல் வெயிலில், தம்பி எடுத்த படம். அதன் கீழே, "நானும் எங்கம்மாவும், திருத்தம் செய்யவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தாள். தோட்டத்துப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் தாயோடு நிற்கும் படங்களை அதன் கீழ் இட்டனர். பாலக்காட்டில் இரவுப் பணியில் இருந்த நான் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தப் படத்தையே வரன் வீட்டார்க்கு அனுப்புகிறோம். அவள் சொன்னபடி, ஒன்றையும் மாற்றாமல் அனுப்புகிறேன். இரண்டு வீட்டார் பதில் எழுதவில்லை. மூன்றாம் வீட்டார் அடுத்த மாதம் போடிநாயக்கனூரிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கின்றனர். வருவார்களோ மாட்டார்களோ அறியேன். வந்தால், படத்தில் கண்ட பெண்ணையே நேரிலும் காண்பார்கள். அவளும் தலை நிமிர்ந்து காப்பி கொடுப்பாள். வேண்டுமானால் அவர்களைக் கேள்வியும் கேட்பாள். நம் வீடுகளில் வளரும் பிள்ளைகள் எல்லோரும் அவ்வாறு நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.